புத்தகத்தில் 'ரெட்டினோபதி' என்று எழுதியிருக்கிறதா? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களின் கண் பற்றி சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. கண் பரிசோதனைத் துறையில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் எழுதுகிறார். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: அக்கா, அப்பாவுடைய கிளினிக் பச்சைப் புத்தகத்தில் "ஆர்.இ. மைல்ட் என்.பி.டி.ஆர்., எல்.இ. மோடரேட் என்.பி.டி.ஆர்., நோ மாக்குலோபதி, வி.ஏ. 6/9, 6/12, டி.சி.ஏ. 6/12" என்று எழுதியிருக்கிறார்கள். மிஸி (தாதி) "கண்ணுல கொஞ்சம் இருக்கு, தவறாம வாங்க" என்றதோடு சரி. அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: அந்த ஒரே வரியில் நிறையச் செய்தி இருக்கிறது தம்பி. ஒவ்வொன்றாகப் படிப்போம்.

டி.ஆர். என்றால் டயபெட்டிக் ரெட்டினோபதி. மலாய்க் கடிதத்தில் 'ரெட்டினோபதி டயபெட்டிக்' என்று இருக்கும். தமிழில் நீரிழிவு விழித்திரை நோய். கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்குகிற மெல்லிய படலம்தான் ரெட்டினா, அதாவது விழித்திரை. பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால், அந்தப் படலத்தில் ஓடும் மயிரிழை இரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கும் செல்கள் செத்துப்போகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாய், பழைய சைக்கிள் டியூப் புடைப்பது மாதிரி, குட்டிக் குட்டியாகப் புடைக்கும். இந்தப் புடைப்புக்கு மைக்ரோ அனியூரிசம் என்று பெயர். புடைத்த இடம் கசியும். வேறு சில குழாய்கள் அடைத்துப்போகும். பின்னால் வருகிற அத்தனை தொல்லையும் இந்தக் கசிவிலிருந்தும் அடைப்பிலிருந்தும் கிளம்புவதுதான்.

முன்னால் நிற்கும் 'என்.பி.'யைக் கவனியுங்கள். 'நான் ப்ரொலிஃபரேட்டிவ்', அதாவது புதுக் குழாய்கள் முளைக்காத நிலை. 'என்' இல்லாமல் 'பி.டி.ஆர்.' என்று மட்டும் இருந்தால் முளைத்துவிட்டன என்று பொருள். அடைப்பு கூடிப்போய் விழித்திரைக்கு உயிர்க்காற்று போதாமல் போகும்போது, அது வி.இ.ஜி.எஃப். என்ற பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அந்தக் குழாய்கள் நோஞ்சான்கள்; தொட்டால் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். ஆகவே ஒரு எழுத்தை விட்டுப் படித்தாலும் நிலைமையே மாறிவிடும்.

மைல்ட், மோடரேட், சிவியர் என்பவை 2003இல் வெளியான அனைத்துலகத் தர வரிசையில் வரும் சொற்கள். மைல்ட் என்றால் அந்தக் குட்டிப் புடைப்புகள் மட்டும். மோடரேட் என்றால் அதோடு இரத்தப் புள்ளிகள், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள், வெள்ளைப் பஞ்சுத் திட்டுகள் போன்றவையும் சேர்ந்திருக்கும். சிவியருக்குக் கணக்கே உண்டு: விழித்திரையை நான்கு பாகமாகப் பிரித்தால் நான்கிலும் 20க்கு மேல் இரத்தப் புள்ளிகள், அல்லது இரண்டு பாகத்தில் சிரைகள் மணிமாலையாக வீங்கியிருப்பது, அல்லது ஒரு பாகத்திலாவது வழக்கத்துக்கு மாறாகக் கோணிய நுண்குழாய்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே சிவியர். அந்த நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வருடத்தில் பி.டி.ஆர். வந்துவிடும். சிவியர் என்ற சொல்லைப் பார்த்தால் தாமதிக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

ஆர்.இ. வலது கண், எல்.இ. இடது கண். மாக்குலா என்பது விழித்திரையின் நட்டநடுப் பகுதி. எழுத்துப் படிப்பது, ஆளை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. 'நோ மாக்குலோபதி' என்றால் அங்கே கசிவு தெரியவில்லை. இது நல்ல செய்தி.

கடைசியில் ஒரு குழப்பம் இருக்கிறது: 6/12 இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டும் ஒன்று இல்லை. வி.ஏ. என்பது பார்வைக் கூர்மை. நல்ல கண் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அப்பாவின் இடது கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது. டி.சி.ஏ. என்றால் 'மறுபடி வரவும்'. அதன் பின்னால் வரும் 6/12 என்பது 12 மாதத்தில் 6, அதாவது ஆறு மாதம். 6/52 என்றால் ஆறு வாரம், 3/7 என்றால் மூன்று நாள். ஆறு வாரத்தில் போக வேண்டியவர் ஆறு மாதம் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவது உண்டு. கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

அப்பா சாப்பிடட்டும். ஆறு மாதத் தவணையை மட்டும் தவறவிடக் கூடாது.

கேள்வி: தங்கச்சி, எங்க லயத்துல "கண்ணுல சக்கரை ஏறிடுச்சு"ன்னு சொல்றாங்க. எனக்கு டாக்டர் 'கட்டராக்' என்றார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 'ரெட்டினோபதி'யாம். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை அம்மா, இடமே வேறு. கட்டராக் என்பது கண்புரை. கண்ணின் முன்பக்கம் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அறுவை செய்து புது லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். ரெட்டினோபதி பின்பக்கம் விழித்திரையில். அங்கே போனதை மாற்றிவைக்க இன்னொரு விழித்திரை கிடையாது. கண் அழுத்தம், அதாவது குளோக்கோமா, பின்னால் நரம்பைக் கெடுப்பது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கறுவிழி மேல் ஏறும் சதை வளர்ச்சி இது எதோடும் சேராது. அதற்கு வெயிலும் தூசியும் காரணம்.

இனிப்பு நீர் உள்ளவருக்குக் கண்புரை சீக்கிரம் வரும், கண் அழுத்தம் வரவும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டும் மூன்றும் இருக்கலாம். உங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் சொல்லியிருந்தால், "பின்னால் ரெட்டினாவைப் பார்த்தீர்களா, எந்த நிலை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழித்திரையில் கசிவு இருந்தால், முடிகிற வரைக்கும் அதை முதலில் அடக்கிவிட்டுத்தான் புரையை எடுப்பார்கள். அப்படியே எடுத்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மாக்குலா வீக்கம் கூடக்கூடும். "ஆபரேஷன் பண்ணியும் தெரியலை" என்று வருந்துகிறவர்கள் சிலருக்குக் காரணம் புரை இல்லை, அதற்குப் பின்னால் இருந்த ரெட்டினோபதி.

கேள்வி: எனக்குப் பேப்பர் படிக்கத் தெரிகிறது, ராத்திரியில் லோரி ஓட்டுகிறேன். ஒன்றும் குறை இல்லை. ஆனாலும் வருடா வருடம் கண்ணில் மருந்து விட்டுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை அண்ணே. ரெட்டினோபதியில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. கசிவு மாக்குலாவைத் தொடாத வரை 6/6 படிப்பீர்கள். பி.டி.ஆர். வந்த கண்ணே கூட இரத்தம் கசிவதற்கு முதல் நாள் வரை தெளிவாகத் தெரியலாம். எழுத்து அட்டையில் படிப்பது நடுப்பகுதியை மட்டும் சோதிக்கிறது. ஃபண்டஸ் கேமரா விழித்திரையைப் படம் பிடிக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

டைப் 2 என்றால் நோய் கண்டுபிடித்த அன்றே முதல் படம் எடுக்க வேண்டும், ஏனென்றால் தெரியாமலே பல வருடம் சர்க்கரை இருந்திருக்கலாம். டைப் 1 என்றால் கண்டுபிடித்து ஐந்து வருடத்துக்குள். ஒன்றும் இல்லை என்றால் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. மைல்ட் என்றால் ஓர் ஆண்டுக்குள், மோடரேட் என்றால் ஆறு மாதம் அளவில். சிவியர், பி.டி.ஆர்., மாக்குலா வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் கண் நிபுணரிடம் போயே ஆக வேண்டும்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே 31 விழுக்காட்டுக்கும் மேல். நம் வீட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர் இந்தப் படம் எடுக்க வேண்டியவர். கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான்.

கேள்வி: சொட்டு மருந்து விட்டால் மோட்டார் ஓட்டலாமா? தோட்டத்திலிருந்து பஸ் சரியாக இல்லை.

பதில்: கூடாது. டிரோப்பிகமைட் போன்ற மருந்து கண்ணின் பாப்பாவை விரிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதன் பிறகு நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். மதிய வெயிலில் எதிரே வரும் லோரி வெறும் வெள்ளை ஒளியாகத் தெரியும். பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிப் போங்கள். கறுப்புக் கண்ணாடி, இல்லாவிட்டால் ஒரு தொப்பி. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். மற்ற மருந்துகளை வழக்கம்போலச் சாப்பிட்டு, காலைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் காத்திருந்து மயங்கி விழுவது உண்டு.

அன்று மாலை கண் கடுமையாக வலித்து, சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது மருந்தின் கூச்சம் இல்லை, கண் அழுத்தம் திடீரென்று ஏறியது. மிக அரிதாகத்தான் வரும். வந்தால் மறுநாள் வரை காக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: போன வருடம் கண்ணாடி போட்டேன், மூன்று மாதத்தில் மங்கியது. திரும்ப மாற்றினேன், அதுவும் சரியில்லை. ரெட்டினோபதியா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸ் நீரை உறிஞ்சி உப்பும், பிறகு சுருங்கும். அதனால் பவர் மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக இன்சுலின் ஆரம்பித்தவர்களுக்கு இது சாதாரணம். சர்க்கரை நிதானப்பட்டு ஆறு முதல் எட்டு வாரம் கழிந்த பிறகு கண்ணாடிக்கு அளவெடுத்தால் பணம் வீணாகாது. அளவெடுக்கும்போது ஊசித் துளை உள்ள அட்டை வழியாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் தெளிந்தால் கண்ணாடியால் சரியாகும். அதிலும் தெளியாவிட்டால் கண்ணாடிக் கடையில் நிற்காமல் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'பி.டி.ஆர்., ஃபார் பி.ஆர்.பி.' என்று இருக்கிறது. லேசர் வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மா போகமாட்டேன் என்கிறார்.

பதில்: இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அம்மாவிடம் விளக்கலாம். பார்வை முக்கால்வாசி போன பிறகு லேசருக்குப் போகிறவர்கள் அதிகம். லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது. சில வாரம் கழித்து உள்ளே இரத்தம் கசிந்தால் "லேசர் வைத்ததால் போச்சு" என்று பெயராகிவிடும்.

பி.ஆர்.பி. என்கிற இந்த லேசர் செய்வது இதுதான். நடுப்பகுதியான மாக்குலாவை விட்டுவிட்டு, சுற்றிலும் உள்ள விழித்திரையில் சிறு சிறு ஒளிப்பொட்டுகள் வைப்பார்கள். ஒரு கண்ணுக்கு வழக்கமாக 1,200 முதல் 1,600 வரை, புது வகை மெஷினில் அதற்கும் மேலே. உயிர்க்காற்றுக்குத் தவிக்கும் ஓரப் பகுதியின் தேவை குறைந்துவிடும். தேவை குறைந்தால் வி.இ.ஜி.எஃப். குறையும், புதுக் குழாய்கள் வாடும். நடுவைக் காப்பாற்றுவதற்காக ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற வைத்தியம் இது. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், கடும் பார்வை இழப்பு லேசரால் பாதிக்கும் மேல் குறைந்தது. இன்று வரை அது நிலைத்து நிற்கிற முடிவு.

அன்று என்ன நடக்கும்? கண்ணை விரித்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். மெஷினில் தாடையை வைத்து உட்கார வேண்டும். கண் மேல் பசையோடு ஒரு லென்ஸ் வைப்பார்கள். பச்சை ஒளி பளிச் பளிச்சென்று வரும். 15, 20 நிமிடம். சிலருக்கு ஓரத்தில் சுருக்கென்று குத்தும். தாங்க முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தலையை மட்டும் ஆட்டக் கூடாது. ஒரு தடவையில் முடியாது. இரண்டு மூன்று தடவையாக, சில வார இடைவெளியில் செய்வது வழக்கம்.

கெடுதலும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. சில நாள் மங்கும். இருட்டில் பார்வை குறையும், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் சுருங்கும். மாக்குலா வீக்கம் தற்காலிகமாகக் கூடலாம். இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெரிய தவறு என்று சொன்னால், முதல் தடவை லேசர் வைத்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று அடுத்த தடவைக்குப் போகாமல் விடுவது. பாதி லேசர் வைத்த கண்ணில் குழாய்கள் மீண்டும் வளரும், சில மாதத்தில் இரத்தம் கொட்டும். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமக்களுக்கு 5 ரிங்கிட். வண்டி வாடகைதான் பெரிய செலவு. அதே பக்கம் போகிற இன்னொருவர் தோட்டத்தில் இருந்தால் ஒரே நாளில் அப்பாயின்மெண்ட் கேட்டுப் பாருங்கள், சேர்ந்து போகலாம்.

கேள்வி: எனக்கு டி.எம்.இ. என்று சொல்லி கண்ணுக்குள் ஊசி போடச் சொல்கிறார்கள். மாதா மாதம் வரச் சொல்கிறார்கள். கண்ணில் ஊசி என்றாலே நடுக்கமாக இருக்கிறது.

பதில்: டி.எம்.இ. என்பது மாக்குலா வீக்கம். நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது. எந்தத் தரத்து ரெட்டினோபதியோடும் இது சேர்ந்து வரலாம், அதனால்தான் தனியாக எழுதுகிறார்கள். வீக்கத்தின் கனத்தை ஓ.சி.டி. ஸ்கேன் மைக்ரோன் கணக்கில் காட்டும். கண்ணைத் தொடாத, வலியில்லாத ஸ்கேன்.

ஊசி மருந்துகள் வி.இ.ஜி.எஃப். பொருளைத் தடுப்பவை: பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்றவை. போடும் அளவு பொதுவாக 0.05 மில்லி, ஒரு சொட்டு. மரத்துப்போகும் மருந்து விட்டு, போவிடோன் அயோடின் கொண்டு கண்ணைக் கழுவி, இமையைப் பிடித்து வைக்கக் கிளிப் போடுவார்கள். கறுவிழியின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில், மிக மெல்லிய 30 கேஜ் ஊசி. பக்கத்திலிருந்து வருவதால் ஊசி கண்ணுக்கு நேரே வருவது தெரியாது. அழுத்தம் மட்டும் தெரியும். ஊசி உள்ளே இருப்பது சில நொடிதான்.

பிறகு ஒரு நாள் உறுத்தும், அது அயோடினால். வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். கறுப்புக் குமிழி உருண்டால் அது காற்று, ஓரிரு நாளில் போகும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். நாளாக ஆக வலி கூடுவது, பார்வை குறைவது, வெளிச்சம் தாங்காமல் கண் சிவப்பது, இவைதான் ஆபத்து. கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். ஆயிரம் ஊசிக்கு ஒன்றைவிடக் குறைவாகத்தான் நடக்கிறது. நடந்தால் மணிக்கணக்கு முக்கியம். சில நாளைக்குக் கண்ணில் குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் படக் கூடாது, தேய்க்கக் கூடாது. பூச்சி மருந்து அடிக்கிற வேலையில் இருந்தால் அந்த வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேளுங்கள். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று முதல் ஐந்து ஊசி மாதத்துக்கு ஒன்று. பிறகு ஸ்கேனைப் பார்த்து இடைவெளியை நீட்டுவார்கள். மருந்து தீர்ந்தால் நீர் திரும்பக் கோக்கும், ஆகவே இது ஒரு ஊசியோடு முடிகிற வைத்தியம் இல்லை. பி.டி.ஆர்.உம் சேர்ந்திருந்து, வேலையால் மாதா மாதம் வர முடியாது என்றால், வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். ஊசியை மட்டும் நம்பியிருந்து இடையில் நின்றுபோனவர்களின் கண், லேசர் வைத்துவிட்டு நின்றவர்களின் கண்ணைவிட மோசமாகப் போனது கண்டறியப்பட்ட விஷயம். வர முடியாதவருக்கு லேசர் பாதுகாப்பு.

கேள்வி: செம்பனைக் குலை அறுக்கிறேன். நேற்று காலை லோரியில் குலை ஏற்றும்போது வலது கண்ணில் கறுப்பு நூல் நூலாக இறங்கியது, இப்போது புகை மாதிரி இருக்கிறது. வலி இல்லை. இனிப்பு நீர் 14 வருடம்.

பதில்: தம்பி, இதைப் படித்ததும் கிளம்புங்கள். கண்ணுக்குள் இரத்தம் கசிந்த அடையாளம் இது. விழித்திரை கிழிந்தாலும் இப்படித்தான் இருக்கும், பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. வெளிச்சம் மின்னுவது, ஓரத்திலிருந்து திரை மூடுவது போல நிழல் வருவது இருந்தால் இன்னும் அவசரம். கிளினிக்கில் அடுத்த மாத நம்பர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். "திடீரென்று வந்தது, நேற்றிலிருந்து, வலது கண், இனிப்பு நீர்" என்று இந்த நான்கையும் சொல்லுங்கள்.

டாக்டர் பார்க்கும் வரை குலை தூக்க வேண்டாம், குனிந்து பளு இழுக்க வேண்டாம், மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம். தூங்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள். இரத்தம் கீழே இறங்கினால் டாக்டருக்கு உள்ளே பார்க்க வழி கிடைக்கும். மற்ற மருந்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின் உட்பட. ஆஸ்பிரின் ரெட்டினோபதியைக் கெடுக்கவில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

இரத்தம் தானாகக் கரையலாம், வாரங்கள் ஆகும். கரையாவிட்டாலும், விழித்திரையைத் தழும்பு இழுத்தாலும் விட்ரெக்டமி என்ற அறுவை உண்டு. மண்டோருக்குக் காட்ட, கனமான வேலை கூடாது என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்சுலின் ஆரம்பித்த பிறகுதான் அண்ணனுக்குக் கண் மோசமானது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பல வருடம் உயர்ந்தே இருந்த சர்க்கரை சில மாதத்தில் மளமளவென்று இறங்கினால், ஏற்கெனவே ரெட்டினோபதி உள்ள கண்ணில் முதல் ஓராண்டுக்குள் கொஞ்சம் கூடுவது உண்மைதான். 1993இல் வெளிவந்த டி.சி.சி.டி. ஆய்விலும் இதைப் பார்த்தார்கள். அதே ஆய்வில், கட்டுப்பாட்டைத் தொடர்ந்தவர்களுக்குப் பின்வரும் வருடங்களில் கிடைத்த நன்மை அதைவிடப் பலமடங்கு பெரியது. குறை இன்சுலினில் இல்லை, வேகத்தில். எச்.பி.ஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 11, 12 என்று இருப்பவர் இன்சுலினோ செமகுளுடைட் ஊசியோ ஆரம்பிப்பதற்கு முன்பு கண் படம் எடுத்துவிட வேண்டும். ஆரம்பித்த பிறகு மூன்று நாலு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எந்த அளவில் வைத்திருந்தால் கண் தப்பும்?

பதில்: சாப்பிடாமல் பார்க்கும் சர்க்கரை 4.4 முதல் 7.0 வரை. எச்.பி.ஏ1சி பலருக்கு 6.5 முதல் 7 வரை. வயதானவர்கள், அடிக்கடி சர்க்கரை லோ ஆகிறவர்களுக்கு டாக்டர் தளர்த்துவார். எச்.பி.ஏ1சி 1 குறைந்தால் சிறு குழாய்ச் சிக்கல்கள் 37 விழுக்காடு குறைந்ததாகப் பிரிட்டனின் யூ.கே.பி.டி.எஸ். ஆய்வு 2000இல் சொன்னது. இரத்த அழுத்தம் 130/80 அளவில். சர்க்கரையைப் போலவே இதுவும் கண்ணைப் பாதிக்கிறது, நம் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லியிருந்தால் கண்ணையும் உடனே பாருங்கள். சிறுநீரகத்திலும் கெடுவது இதே மாதிரி நுண்குழாய்கள்தான். புகை பிடிப்பதை விட வேண்டும்.

கேள்வி: மகளுக்கு டைப் 1. இப்போது மூன்று மாதக் கர்ப்பம். கண் பார்க்க வேண்டுமா?

பதில்: இந்த வாரமே. கர்ப்பம் ரெட்டினோபதியை வேகப்படுத்தும். முதல் மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு நிலையைப் பொறுத்து ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும், பிள்ளை பெற்ற பிறகும் ஒரு வருடம் வரை கவனிப்பு. விரிக்கும் சொட்டு மருந்து பற்றி மிஸியிடம் கர்ப்பம் என்று சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் வந்த இனிப்பு நீருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு இதற்காகத் தனியே கண் சோதனை தேவைப்படுவதில்லை.

கேள்வி: கண்ணில் தேன் விடலாமா? தாய்ப்பால்? பாசாரில் 'கண் நரம்பு மாத்திரை' விற்கிறார்கள்.

பதில்: வேண்டாம். மேலே விடுவது எதுவும் விழித்திரையைப் போய்ச் சேராது, கிருமி மட்டும் சேரும். ஊசி போட்ட வாரத்தில் தேன் விடுவது கண்ணையே இழக்க வைக்கலாம். அந்த மாத்திரைக் காசு ஈப்போ வண்டி வாடகைக்கு ஆகும்.

கேள்வி: இரண்டு கண்ணும் குறைந்துவிட்டது, 54 வயது, தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை. ஏதாவது உதவி உண்டா?

பதில்: இரண்டு கதவு இருக்கிறது ஐயா. சந்தா கட்டியிருந்தால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவின் இலாட் பென்ஷன் (இயலாமை ஓய்வூதியம்): 60 வயதுக்குள், வழக்கமான ஆள் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிரந்தர நிலை என்று மருத்துவக் குழு ஏற்க வேண்டும். இரண்டாவது சமூக நல இலாகாவின் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை: நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 6/18க்குக் கீழே என்றால் பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் வரும். இரண்டுக்கும் டாக்டரின் கையெழுத்து வேண்டும், அடுத்த அப்பாயின்மெண்டிலேயே பாரத்தைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மாமாவின் புத்தகத்தில் மூன்று வருடமாக 'அன்கிரேடபிள்' என்று எழுதியிருக்கிறது. நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? அதனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதில்: நோய் இல்லை என்றால் 'நோ டி.ஆர்.' என்று இருக்கும். 'அன்கிரேடபிள்' என்றால் படம் தெளியவில்லை, தரம் சொல்ல முடியவில்லை. கண்புரை மறைத்திருக்கலாம், பாப்பா சரியாக விரிந்திருக்காது, கண் சிமிட்டியிருக்கலாம், உள்ளே இரத்தமே கூட இருக்கலாம். மூன்று வருடமாக யாரும் மாமாவின் விழித்திரையைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

நாளைக்கே புத்தகத்தோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போய், கண் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே மருந்து விட்டு, மைக்ரோஸ்கோப்பில் லென்ஸ் வைத்து நேராகப் பார்ப்பார்கள். புரை மறைத்தால் ஸ்கேன் எடுத்துப் பின்புறத்தைப் பார்க்க வழி உண்டு. திரும்பும்போது இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக என்ன நிலை, மாக்குலா எப்படி, அடுத்து எந்தத் தேதி என்று புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.